எட்டு மணிக்கு நின்றுபோகும் ஸ்கிரிப்ட்

அன்புள்ள அண்ணா,

காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மணிக்கு எத்தனை பார் ஐஸ் போகிறது என்று கூட்டிவைக்க, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பாஷ் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். காலை ஏழு வரை ஓடுகிறது, எட்டுக்கும் ஒன்பதுக்கும் பிழை காட்டுகிறது, பத்துக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. முதலாளி கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் சுற்றச் சொல்கிறார். வண்டி டோக்கன் கணக்கும் சில நாள் குறைகிறது, அது டோக்கன் கொடுக்கும் பையனின் கவனக்குறைவு. எட்டு மணிப் பிழைக்கு மட்டும் வழி சொல்லுங்கள்.

— காசிமேடு வாசகர்

அன்புள்ள தம்பி,

பழத்தை ஜூஸ் போட்டுக் குடியுங்கள்.

கம்ப்யூட்டர் எட்டு மணியை 08 என்று தருகிறது. முன்னால் பூஜ்யம் இருந்தால் பாஷ் அதை ஆக்டல் எண்ணாக, அதாவது பத்துக்குப் பதில் எட்டை அடியாக வைத்த எண்ணாகப் படிக்கும். ஆக்டலில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். ஆகவே 08, 09 இரண்டுக்கும் அங்கே இடமில்லை. 10 பூஜ்யத்தில் தொடங்காததால் தப்பித்தது. ஸ்கிரிப்டில் மணியை வைத்திருக்கும் மாறியின் டாலர் குறிக்கு முன்னால் 10# சேர்த்துவிடுங்கள், பத்தின் கணக்கிலேயே படிக்கும்.

இது அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சன் காலத்துப் பழக்கம். அவர் வைத்திருந்த பிடிபி-7 இயந்திரத்தில் ஒரு சொல்லுக்கு, அதாவது இயந்திரம் ஒரே தடவையில் கையாளும் அளவுக்கு, 18 பிட் (0 அல்லது 1). மும்மூன்றாகப் பிரித்தால் சரியாக ஆறு ஆக்டல் இலக்கம். அவருடைய பி மொழியிலிருந்து சி மொழிக்கு வந்தது, அங்கிருந்து ஊரெல்லாம் பரவியது. நம் எஸ்டிடி கோட் 044-ஐ சி-யில் எண்ணாக எழுதினால் 36! ஜாவாஸ்கிரிப்டின் பழைய பாணியில் 08-ம் எட்டு, 010-ம் எட்டு. 2008-இல் வந்த பைதான் 3 தான் உருப்படியாக ஒன்று செய்தது: நிரலில் 012 என்று எழுதினால் பிழை, ஆக்டல் வேண்டுமென்றால் பூஜ்யத்துக்குப் பின் ஆங்கில ஓ எழுத்தைப் போட வேண்டும்.

சரி, எட்டு மணிப் பிழை கத்திக் காட்டிக்கொடுத்தது. எனக்குப் பயம் டோக்கன் மேல்தான். அதில் 001, 002 என்று அச்சடித்திருக்கிறீர்களா? கடைசி டோக்கனிலிருந்து முதல் டோக்கனைக் கழித்து வண்டிகளை எண்ணுகிறதா ஸ்கிரிப்ட்? அப்படியானால் 064 என்பது 52 ஆகிவிடும். பன்னிரண்டு வண்டி சத்தமில்லாமல் காணாமல் போகும். நூறைத் தாண்டிய நாளில் கணக்கு தானாகவே சரியாக இருந்திருக்கும், பழைய நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

அங்கேயும் 10# போடுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.