கைத்தையலில் பழம்பொருள்கள்: கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் குடியிருந்த பழைய வீட்டின் இரும்புச் சாவியை வெள்ளைப் பருத்தித் துணியில் பசையால் ஒட்டிவிட்டு, சுற்றிலும் எம்பிராய்டரி செய்யலாமா?

பதில்: பசை வேண்டாம். அது துணிக்குள் ஊறி விறைத்துப்போவதால் ஊசி இறங்காது. நாளடைவில் பல பசைகள் மஞ்சளாகவும் மாறும். நூலால் கட்டினால், வேண்டும்போது பிரித்து எடுக்கலாம். சாவியின் தண்டின் மேல் குறுக்காகச் சிறு தையல்களை நெருக்கமாகப் போட்டாலே அசையாது. உண்மையான சிக்கல் துருதான். காற்றின் ஈரம் பட்டதும் துரு துணிக்கு இறங்கிப் பழுப்புக் கறையாவதோடு, அந்த இடத்து இழைகளையும் இற்றுப்போகச் செய்கிறது. ஆகவே உதிரும் துருவைத் தேய்த்து எடுத்து, நன்றாக உலர்த்தி, மெழுகை மெல்லியதாகப் பூசி, அடியில் பாலியஸ்டர் தாள் ஒன்றை வைத்துத் தையுங்கள். கறையே அந்த வீட்டின் அடையாளம் என்று நினைத்தால் விட்டுவிடலாம். அந்தத் துணி நெடுங்காலம் உழைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு விடுங்கள்.

கேள்வி: துளையே இல்லாத ஓட்டுச் சில்லை எப்படிப் பிடித்து வைப்பது?

பதில்: துணியில் சிறு கண்ணாடித் துண்டுகளைத் தைத்துப் பதிக்கும் கண்ணாடி வேலைப்பாட்டில் செய்வதைப் போலத்தான். சில்லின் மேல் நெடுக்காக இரண்டு, குறுக்காக இரண்டு என நூலை இறுக்கி ஓட்டி, அந்த நூல்களையும் துணியையும் மாறிமாறிக் கோத்தபடி விளிம்பைச் சுற்றி வாருங்கள். கூரான ஓரங்கள் நூலை அறுக்கும் என்பதால், முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவின் சேலையை வெட்ட மனம் வரவில்லை.

பதில்: வெட்ட வேண்டியதில்லை. வங்காளத்துக் காந்தா வேலையில் பழைய சேலைகளை அடுக்காக வைத்து ஓட்டுத்தையலால் இணைப்பது வழக்கம். பட்டு மடிப்பில் இற்றிருந்தால், பின்னால் மெல்லிய பருத்தித் துணி கொடுங்கள்.

கேள்வி: பார்ப்பவர்களுக்குப் புரியும்படி பொருளின் கதையையும் எழுத்தாகத் தைக்க வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. ஜெர்மனியில் மனநலக் காப்பகத்தில் இருந்த ஆக்னஸ் ரிக்டர் என்ற தையற்காரர், 1895 வாக்கில் தம் மேற்சட்டையின் உள்ளும் புறமும் எழுத்துகளைத் தைத்து நிரப்பினார். மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களின் படைப்புகளைக் கொண்ட, ஹைடெல்பெர்க் நகரின் பிரின்ஸ்ஹார்ன் தொகுப்பில் இருக்கும் அந்தச் சட்டையின் பெரும்பகுதியை இன்று வாசிக்க முடிவதில்லை. ஆனாலும் அதைத் தைத்தவரின் பிடிவாதம் தெரிகிறது. என்னைக் கேட்டால், கதை முழுவதையும் விளக்கும் வாசகத்தைவிட ஒரு பெயரோ ஒரு தேதியோ போதும்.

கேள்வி: ஒரே துணியில் எத்தனை பொருள்கள் வைக்கலாம்?

பதில்: துணி தொய்யாத அளவுக்கு. என் விருப்பம் ஒன்றே ஒன்றுதான்.

கேள்வி: முடிந்தபின் துவைக்கலாமா?

பதில்: கூடாது. நேர்வெயில் படாத இடத்தில், கண்ணாடி துணியைத் தொடாதபடி சட்டமிட்டு மாட்டுங்கள்.