அங்கன்வாடிக்கு முடிவெடுப்பவர்கள் எப்படி வளர வேண்டும்? – கேள்வி பதில்

குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். முன்பருவக் கல்வியில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் தலைமைப் பண்பை எப்படி வளர்த்துக்கொள்வது என்று நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வணக்கம் மேடம். நான் படித்தது வணிகவியல். தேர்வெழுதி வந்து, இப்போது ஒரு மாவட்டத்தின் அங்கன்வாடிகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஏதாவது ஒரு மையத்தில் காலை முழுக்க உட்காருங்கள். பதிவேட்டைத் தொடாதீர்கள். அதிகாரியின் வண்டி வந்து நின்றால் பிள்ளைகளை எழுப்பி வரிசையில் நிறுத்திப் பாடச் சொல்வார்கள். அது முடிந்து, நீங்கள் இருப்பதையே எல்லாரும் மறந்த பிறகு நடப்பதைப் பாருங்கள்.

ஒரு மையத்தில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று புளியங்கொட்டைகளைச் சிரட்டையில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்துக்கு அடுத்து ஏழு என்றது. பணியாளர் திருத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு சிரட்டையை எடுத்து, ஒவ்வொரு கொட்டையாகப் போட்டு வாய்விட்டு எண்ணினார். பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தன் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தது. அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டவர், நிதித்துறையிடம் விளையாட்டுப் பொருளுக்குப் பணம் கேட்கும்போது தயங்க மாட்டார். எல்லாத் திறனுக்கும் இதுதான் அடிப்படை என்று நினைக்கிறேன்.

எனக்குக் கீழே 25 மையங்கள். மாதக் கூட்டத்தில் எடை, சத்துமாவு இருப்பு, செல்போனில் ஏற்றிய பதிவு, இவற்றைத்தான் கேட்கிறார்கள். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மேற்பார்வையாளராக நான் என்ன செய்ய முடியும்?

மேலே எதைக் கேட்கிறார்களோ, அதுதான் கீழே நடக்கும். அதனால் கூட்டத்தில் கேட்கிற கேள்வியை மாற்றுவதுதான் ஓர் அலுவலர் கையில் இருக்கும் பெரிய அதிகாரம். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

எடை பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு, தாயோடு உட்கார்ந்து பேச்சு. எடுத்த கணக்கு எடுத்த ஊரிலேயே வேலைக்கு வந்தது. இன்று அதே எடை செயலியில் ஏறி மேலே போகிறது. பல இடங்களில் பணியாளருக்கு ஒன்றும் திரும்பி வருவதில்லை. இதுதான் என் வருத்தம்.

உங்கள் செக்டர் கூட்டத்தில், அதாவது உங்களுக்குக் கீழுள்ள மையங்களின் பணியாளர்கள் கூடும் கூட்டத்தில், முதல் அரைமணி நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். ஒவ்வொரு பணியாளரும் ஒரே ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லட்டும்: போன மாதம் செய்யாத எதை இந்த மாதம் செய்கிறது? முதல் இரண்டு கூட்டங்களில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், பொறுத்திருங்கள். அவர்கள் பேச ஆரம்பித்ததும், உங்கள் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரை ஒருநாள் அந்த அரைமணிக்கு மட்டும் கூப்பிடுங்கள்.

ஐந்து நாள் தலைமைப் பயிற்சி போதுமா?

போதாது. பயிற்சி முடிந்து ஊர் திரும்பியதும் மாதம் ஒருமுறை பேசிக்கொள்ள நாலைந்து சக அலுவலர்கள் வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்யாத பயிற்சிக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

தலைமைச் செயலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கன்வாடி சமூக நலத்துறையில், பள்ளி கல்வித்துறையில். ஒரு கோப்பு இரண்டு பக்கமும் போய் வருவதற்குள் வருடம் முடிந்துவிடுகிறது.

2019இல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான பயிற்சி எங்களுக்கு இல்லையே என்று அவர்கள் சொன்னார்கள், அது நியாயமான கேள்வி. 2022இல் அவர்களைத் திரும்ப அழைத்தார்கள், எதிர்ப்பு வந்ததும் வகுப்புகள் தொடரும் என்று அறிவித்தார்கள். நோக்கம் நல்லதுதான். யார் கற்பிப்பது, யார் மேற்பார்வை, ஏற்கெனவே இருக்கும் பணியாளரின் இடம் என்ன என்பதை இரண்டு துறைகளும் உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டும்.

உங்கள் நிலையில் இருப்பவர் கோப்பை நகர்த்துவதற்கு முன் போனை எடுக்க வேண்டும். எதிர்த் துறையில் உங்களுக்கு இணையானவரைக் கூட்டிக்கொண்டு ஒரே மையத்துக்குப் போங்கள். ஒரே பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த இரண்டு பேர் எழுதும் குறிப்பு வேறு மாதிரி இருக்கும்.

இந்தத் துறையில் முன்மாதிரி என்று யாரைச் சொல்வீர்கள்?

மீனா சுவாமிநாதன். பள்ளிக்கு முந்தைய குழந்தைகளின் வளர்ச்சி குறித்து ஆராய அமைத்த குழுவுக்கு அவர் தலைவராக இருந்தார். 1972இல் வந்த அந்த அறிக்கை 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஐசிடிஎஸ், அதாவது அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், தொடங்குவதற்கு வழி செய்தது. உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் பிரிக்காமல் ஒரே குழந்தைக்கு உரியவையாகப் பார்த்தவர். வேலைக்குப் போகும் ஏழைத் தாயைப் பற்றியும் சேர்த்தே யோசித்தவர். இளம் அதிகாரிகள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பார்வையை.

நான் ஊராட்சித் தலைவர். கொள்கை வகுப்பதெல்லாம் எங்கள் வேலையா?

நிச்சயமாக, ஐயா. கழிப்பறை, தண்ணீர், சுற்றுச்சுவர் இல்லாத மையத்துக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அக்டோபர் 2 கிராம சபை நாள், ஐசிடிஎஸ் பிறந்த நாளும் அதுவே. அன்றைக்குப் பெற்றோரை மையத்துக்குள் அழைத்துப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க வையுங்கள். இங்கிலீஷ் கான்வென்ட் வேண்டும் என்பவர்களோடு வாதாடுவதைவிட இது பலன் தரும்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். எங்களை எந்தக் கூட்டத்திலும் கருத்து கேட்டதில்லை. நாங்களாகச் சொல்லலாமா அக்கா?

சொல்லுங்கள் தங்கச்சி, நீங்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வது? மதிப்பூதியம் வாங்குகிறவர்கள்தானே என்று ஒதுக்கிவைத்த உங்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வேலையின் கனத்தை நீதிமன்றமே பார்த்திருக்கிறது.

மனு எழுதும்போது பத்துக் குறைகளை அடுக்காதீர்கள். ஒரு விஷயம், அதனால் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது, என்ன செய்து தர வேண்டும். ஒரு பக்கத்துக்குள் முடித்து, தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு கொடுங்கள். அடுத்த மையத்துப் பணியாளரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.