ஒலிம்பியாட் கணித மாணவர்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் சோர்ந்துபோகாமல் இருப்பது எப்படி?

பெரும்பாலும் ஆளைச் சாய்ப்பது வகுப்பு அல்ல, திருத்தும் வேலைதான். இந்தியக் கணித ஒலிம்பியாடின் முதல் கட்டமான ஐஓக்யூஎம் தேர்வில் 30 கேள்விகள், விடை வெறும் எண், நொடியில் திருத்தலாம். அடுத்த கட்டமான ஆர்எம்ஓ-வில் (வட்டார அளவிலான ஒலிம்பியாட்) 6 கேள்விகள், எல்லாம் நிரூபணம். 12 பேர் ஒரு மாதிரித் தேர்வு எழுதினால் 72 நிரூபணங்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 12 மணி நேரம், அதாவது சனி ஞாயிறு இரண்டும் காலி.

ஆளுக்கு ஒரே ஒரு நிரூபணத்தை மட்டும் வரிவரியாகத் திருத்துங்கள். எதை என்று மாணவரே சொல்லட்டும். மற்றதை இருவர் இருவராக மாற்றிப் படித்து, 'இங்கிருந்து இது எப்படி வந்தது?' என்று ஓரத்தில் எழுதட்டும். 'தெளிவாகவே தெரிகிறது' என்று எழுதி ஓட்டையை மூடும் பழக்கம் சக மாணவன் கேட்டால்தான் போகும்.

வேகமாக முடிப்பவர்களுக்குக் கூடுதல் கணக்கு தேடி அலையாதீர்கள். முடித்த கணக்கையே இன்னொரு வழியில் போடச் சொல்லுங்கள், அல்லது ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் என்னாகும் என்று கேளுங்கள்.

விடை தெரியாத கேள்வி வந்தால் பலகை மூலையில் தேதி போட்டு எழுதிவையுங்கள். இரவோடு இரவாகத் தனியாக உட்கார்ந்து தீர்க்க வேண்டியதில்லை. பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு வாரம் ஒரு மாலை போதும்.