ரஷ்ய கேபிள் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படிப் புரிந்துகொள்வது? அகராதி போதுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ரஷ்யாவில் ஒரு கட்டுமானத் தளத்துக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போகிறீர்கள். டிராயிங்கில் கேபிள் பெயர்கள் எல்லாம் ரஷ்ய எழுத்தில் இருக்கின்றன. கையில் ஆங்கில - ரஷ்ய அகராதி ஒன்று இருக்கிறது, அது போதுமா?

போதாது தம்பி. சொல்லுக்குச் சொல் மாற்றினால் பாதி சரியாக வரும். மீதிப் பாதியில் உயிருக்கே ஆபத்து. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர். காரைக்குடியில் டிப்ளமா முடித்துவிட்டு ஒன்பது வருடம் ரஷ்ய டிராயிங் வரும் சைட்டுகளில் கேபிள் இழுத்தேன், கிளாண்ட் (கேபிளைப் பெட்டியில் இறுகப் பிடிக்கும் பாகம்) போட்டேன், டெர்மினேஷன் செய்தேன். இப்போது ஊரோடு வந்து பழைய வீடுகளுக்கு ரீவயரிங் செய்கிறேன்.

போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் வேலை. வளவைச் சுற்றிலும் தேக்குக் கேசிங்கில் ஓடும் பழைய ஒயரை எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டு ஆச்சி பக்கத்தில் வந்து நின்று, "ஏந்தம்பி, துணி சுத்துன கயிறு மாதிரியில்ல இருக்கு, இதுலயா இத்தன வருஷம் கரண்டு வந்துச்சு?" என்று கேட்டார்கள். ஒரு துண்டை நகத்தாலேயே உரித்துக் காட்டினேன். மேலே மெழுகு ஏறிய பருத்திப் பின்னல், அதற்கடியில் பருத்தி நாடா, அப்புறம் தொட்டாலே உதிர்கிற ரப்பர், உள்ளே வெள்ளீயம் பூசிய செம்பு. ரப்பரில் இருக்கும் கந்தகம் செம்பை அரிக்காமல் இருக்கத்தான் அந்த வெள்ளீயம். இந்த ஒயருக்கு ஆங்கிலத்தில் வி.ஐ.ஆர். என்று பெயர், வல்கனைஸ்டு இந்தியா ரப்பர். நாலு அடுக்கு இருக்கிற ஒயருக்கு ஒரே ஒரு அடுக்கைச் சொல்லும் பெயர்.

ஆங்கிலத்தில் புழங்கும் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான். ஏதாவது ஒரு குணத்தையோ பயன்பாட்டையோ பிடித்துக்கொண்டு பெயர் வைத்துவிடுவார்கள்: ஆர்மர்டு கேபிள், ஹவுஸ் ஒயர், ஜெல்லி கேபிள். ரஷ்யப் பெயர் அப்படி இல்லை. கேபிளை உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு அடுக்காக எழுதினால் கிடைப்பதுதான் அங்கே பெயர். நம் இந்தியத் தரத்திலும் அதே முறை உண்டு. ட்ரம் மேலே 'ஏ டூ எக்ஸ் எஃப் ஒய்' என்று பார்த்திருப்பீர்கள்: அலுமினியம், அதன்மேல் எக்ஸ்.எல்.பி.இ. என்ற பிளாஸ்டிக் இன்சுலேஷன், அதன்மேல் பட்டைக் கம்பிக் கவசம், மேலே பி.வி.சி. உறை. இதைப் படிக்கத் தெரிந்தவருக்கு ரஷ்யப் பெயர் பாதி தெரிந்த மாதிரிதான். இரண்டு நாட்டிலும் செம்புக்கு எழுத்தே கிடையாது. அலுமினியம் என்றால்தான் முதலில் ஏ வரும்.

அங்கே நீங்கள் அதிகம் பார்க்கப்போவது 'வெ-வெ-கெ'. முதல் எழுத்து ஏ இல்லை, ஆகவே செம்பு. முதல் வெ, வினைல், அதாவது பி.வி.சி. இன்சுலேஷன். இரண்டாவது வெ, பி.வி.சி. உறை. கெ என்பது 'கோலிய்' என்ற சொல்லின் முதல் எழுத்து. அகராதியில் பார்த்தால் 'நிர்வாணம்' என்று இருக்கும். அதை வைத்து, இன்சுலேஷன் இல்லாத வெறுங்கம்பி என்று எங்கள் சைட்டில் ஒருவர் குறித்துவைத்திருந்தார். உண்மையில் மேலே கவசம் இல்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். ஆங்கிலத்தில் சொன்னால் அன்ஆர்மர்டு.

எழுத்தின் உருவமும் ஏமாற்றும். ரஷ்ய வெ பார்க்க ஆங்கில பி (B) மாதிரியே இருக்கும். அவர்களுடைய 'எர்' நம் கண்ணுக்குப் பி (P), 'எஸ்' நம் கண்ணுக்குச் சி, 'என்' நம் கண்ணுக்கு எச். ரேடியோ அலைவரிசைக்கான கோஆக்சியல் கேபிளை அவர்கள் 'எர்-கா 75' என்று எழுதுவார்கள், 75 ஓம் கேபிள். நம் ஸ்டோர் ரிஜிஸ்டரில் அது 'பி.கே.' என்று ஏறிவிட்டது. தேடும்போது கிடைக்கவே இல்லை, ரேக்கிலேயே இருந்தும்.

அடுத்தது, ஒரே எழுத்து இடத்துக்கு இடம் மாறுவது. கவிழ்த்துப் போட்ட ஆங்கில எல் மாதிரி இருப்பதுதான் கெ. வெ-வெ-கெ கடைசியில் வந்தால் கவசம் இல்லை. 'கா-கெ' என்ற ரப்பர் கேபிளில் அதுவே 'கீப்கிய்', வளையக்கூடியது. வெல்டிங் மெஷினுக்கும் கிரேனுக்கும் போடுவது அது. நம் நிலைவாசல் மாதிரி இரண்டு காலும் மேலே ஒரு உத்திரமுமாக ஓர் எழுத்து உண்டு, அதுதான் பெ. பெயரின் தொடக்கத்தில் வந்தால் பெரும்பாலும் 'ப்ரோவத்', அதாவது ஒயர். நடுவில் வந்தால் பாலிஎதிலீன். கடைசியில் வந்தால் தட்டை. எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், எந்த அடுக்கில் நிற்கிறது என்று பாருங்கள்.

கபெல், ப்ரோவத், ஷ்னூர் என்ற மூன்றையும் கேபிள், ஒயர், கார்டு என்று மாற்றலாம், ஏறத்தாழ சரி. ஒரு வித்தியாசம் மட்டும் நினைவில் இருக்கட்டும். நாம் ஹவுஸ் ஒயர் என்று வாங்கும் ஒற்றை ஒயரை இந்தியத் தரம் ஐ.எஸ். 694 உறையில்லாத கேபிள் என்று கேபிள் கணக்கில்தான் வைக்கிறது. ரஷ்யாவில் அது ப்ரோவத், கபெல் அல்ல. அங்கே போய்க் கபெல் என்று இன்டென்ட் (சாமான் கேட்புச் சீட்டு) எழுதினால் உறை போட்ட பெரிய சாமான் வந்து இறங்கும்.

'கோர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ரஷ்யனில் மூன்று சொல் இருக்கிறது, மூன்றும் வேறு வேறு. மூன்று கோர் கேபிள் என்னும்போது வருகிற கோர் 'ஜிலா'. அந்தச் சொல்லுக்கு நரம்பு, நாளம் என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது, கேபிளை வெட்டிப் பார்த்தவர்கள் வைத்த பெயர் என்று தோன்றும். ஆப்டிகல் ஃபைபரின் நடுவில் ஒளி ஓடும் கோர், 'செர்த்செவினா'. உறைக்குள் இருக்கும் மொத்தக் கட்டும் சேர்ந்து கேபிள் கோர் எனப்படும்போது அது 'செர்தேச்னிக்'. பின்னிரண்டும் இதயம் என்ற சொல்லிலிருந்து வந்தவை. ஃபைபர் கேபிள் டிராயிங்கில் 'மோதுல்' என்று ஒரு சொல்லும் வரும். அதை மாட்யூல் என்று எழுதினால் ஸ்விட்ச்சில் செருகும் சாமானைத் தேடுவார்கள். அது ஃபைபர் இழைகள் தளர்வாகக் கிடக்கும் சின்னக் குழாய், ஆங்கிலத்தில் லூஸ் ட்யூப்.

கவசத்தில் கவனம் தேவை. என் மேசையில் ஒரு ரஷ்யத் துண்டு இன்னும் கிடக்கிறது. கறுப்பு உறையை நீளவாக்கில் கீறித் திறந்தால் அகலமான இரண்டு எஃகு நாடாக்கள், ஒன்றின் இடைவெளியை மற்றது மூடும்படி சுற்றியிருக்கும். இது டேப் ஆர்மர். நம் ஊரில் பவர் கேபிளில் பெரும்பாலும் கிடைப்பது கம்பியோ, பக்கம் பக்கமாக அடுக்கிய ஒல்லிப் பட்டையோ. இரண்டையும் ஆர்மர்டு என்ற ஒரே சொல்லில் அடக்கினால் தவறான கிளாண்ட் வாங்கிவிடுவீர்கள். கம்பியை விரித்துக் கோனில் பிடிப்பது மாதிரி நாடாவைப் பிடிக்க முடியாது. இழுவிசையையும் நாடா தாங்காது, செங்குத்தாகத் தொங்கவிடக் கூடாது.

இனி சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

நம் ஊர்க் கடையில் எஃப்.ஆர். என்றால் ஃப்ளேம் ரிட்டார்டன்ட், நெருப்பு எளிதில் பரவாது. எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் அதோடு புகையும் குறைவு. ரஷ்யக் கேபிளிலும் அதே ஆங்கில எழுத்தில் எஃப்.ஆர்.எல்.எஸ். என்று அச்சடித்திருக்கும். அங்கே எஃப்.ஆர். என்பது ஃபயர் ரெசிஸ்டன்ட். நெருப்புக்கு நடுவிலும் குறிப்பிட்ட நேரம் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும் கேபிள். நம் எஃப்.ஆர்.எல்.எஸ்.-க்கு அங்கே பெயர் 'என்-கெ எல்.எஸ்.'. அந்த என்-கெ, 'எரிதலைப் பரப்பாது' என்பதன் சுருக்கம். இதைத் தீப்பிடிக்காது என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு, அதுவும் தவறு. பிடிக்கும், கட்டாகப் போட்டிருந்தாலும் நெடுகப் பரவாது, அவ்வளவுதான்.

விளைவை யோசித்துப் பாருங்கள். ஃபயர் அலாரத்துக்கும் புகையை வெளியேற்றும் மின்விசிறிக்கும் ரஷ்ய டிராயிங் எஃப்.ஆர்.எல்.எஸ். கேட்கிறது. எழுத்து ஒன்றாக இருக்கிறதே என்று நம் ஊர் எஃப்.ஆர்.எல்.எஸ்.-ஐப் போட்டால், காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும், தீ வந்த அன்று சில நிமிடத்தில் இன்சுலேஷன் உருகி ஷார்ட் ஆகி அலாரம் ஊமையாகிவிடும். உரித்துப் பார்த்தால் உடனே தெரியும். ரஷ்ய எஃப்.ஆர். கேபிளில் பெரும்பாலும் செம்பின் மேல் மைக்கா நாடா சுற்றியிருக்கும், வெளிச்சத்தில் மினுமினுக்கும், விரலில் தூள் ஒட்டும். இன்சுலேஷன் எரிந்து போனாலும் செம்போடு செம்பு தொடாமல் பிரித்து வைப்பது அதுதான். நம் ஊரில் அதற்கு ஃபயர் சர்வைவல் என்று கேட்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு விரற்கடை உரித்துப் பாருங்கள், மைக்கா இல்லையென்றால் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள்.

தகவல் தொடர்பு கேபிள்களை அங்கே பேச்சில் 'ஸ்லபதோச்கா' என்பார்கள். பலவீனமான மின்னோட்டம் என்று நேர்ப்பொருள். பவர் கேபிளுக்குச் 'சிலவோய்', பலம் என்ற சொல்லிலிருந்து வருவது. ஸ்லபதோச்காவை எல்.டி. (லோ டென்ஷன்) என்று எழுதிவிடாதீர்கள், நம் எல்.டி. 415 வோல்ட். ஆங்கிலத்தில் ஈ.எல்.வி. (எக்ஸ்ட்ரா லோ வோல்டேஜ்) என்பது ஓரளவு பொருந்தும். ட்விஸ்டட் பேர் 'விதாயா பாரா', இதில் சிக்கல் ஏதும் இல்லை.

டெலிபோன் கேபிளில் எண் ஏமாற்றும். பவர் கேபிளில் 3×2.5 என்றால் 2.5 என்பது குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். டெலிபோன் கேபிளில் 10×2×0.5 என்றால் பத்து ஜோடி, ஜோடிக்கு இரண்டு ஜிலா, அந்த 0.5 செம்பின் விட்டம், மில்லிமீட்டரில். பரப்பு கிட்டத்தட்ட 0.2 சதுர மில்லிமீட்டர்தான் வரும். நம் ஊர் ஜெல்லி கேபிளிலும் இதே வழக்கம்தான், ஆனால் பவர் வேலை மட்டும் பார்த்துப் பழகியவர் 0.5 ஸ்கொயர் என்றே படிப்பார். பழைய காரைக்குடி எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் 7/20 இன்னொரு கணக்கு. ஏழு இழை, ஒவ்வொன்றும் 20 கேஜ், அதாவது 0.914 மி.மீ. விட்டம், மொத்தம் 4.6 ஸ்கொயர் அளவுக்கு வரும். ரஷ்யாவில் அந்தக் கணக்கு யாருக்கும் புரியாது, ஸ்கொயரில் மட்டும் பேசுங்கள்.

நிறத்தை எந்த அகராதியும் சொல்லித் தராது. நம் பேஸ் மூன்றும் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. ரஷ்யாவில் நீலம் நியூட்ரல். ஒருமுறை அங்கிருந்து வந்த மெஷின் பேனலுக்கு ஐந்து கோர் கேபிளை இணைத்தோம்: பழுப்பு, கறுப்பு, சாம்பல், நீலம், மஞ்சள்-பச்சை. நான் ஸ்டோர் வரை போய் வருவதற்குள் உடன் வேலை செய்த பையன் நீலத்தை நம் பி பேஸில் கொடுத்துவிட்டான், கறுப்பை நியூட்ரலில். பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது, நம் வழக்கப்படி அவன் செய்தது சரி. ஆன் செய்ததும் 220 வோல்ட் கான்டாக்டர் காயிலுக்கு 415 போய்விட்டது. இரண்டு காயில் கருகின வாசனை இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ரஷ்யப் பேனலில் நிறத்தைப் பார்த்து நான் ஒன்றையும் இணைப்பதில்லை, ஒயர் முனையில் மாட்டியிருக்கும் ஃபெரூல் எண்ணைப் பார்த்து, மல்டிமீட்டரில் கன்டின்யுட்டி எடுத்துத்தான்.

பேனலுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் உலோகப் பட்டையான பஸ்பார் இன்னும் மோசம். அங்கே மூன்று பேஸும் மஞ்சள், பச்சை, சிவப்பு. நம் கண்ணுக்கு எர்த் ஆகத் தெரியும் பச்சை அங்கே நடு பேஸ். மஞ்சளும் பச்சையும் சேர்ந்த கோடு இருந்தால்தான் அது எர்த். தனிப் பச்சையில் கை வைக்காதீர்கள்.

சில்லறைச் சொற்கள் சில: ஜாயின்ட்டும் எண்ட் டெர்மினேஷனும் இரண்டுமே 'மூஃப்தா', முன்னால் வரும் சொல்லைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். ட்ரம் அங்கே 'பரபான்', அதுவும் முரசைக் குறிக்கும் சொல்தான். 'ஸ்த்ரயீதெல்னயா த்லினா' என்று வந்தால் கட்டடத்தின் நீளம் அல்ல, ஒரு ட்ரம்மில் ஒரே துண்டாக வரும் கேபிளின் நீளம்.

நீங்கள் புறப்பட இன்னும் நாள் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூருக்கு வாருங்கள். பதினான்கு வகை ரஷ்யத் துண்டுகள் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் டிராயிங்கின் கேபிள் பட்டியலையும் ஒரு நல்ல கத்தியையும் எடுத்து வாருங்கள், ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்துவிடலாம்.