‘நோ சிக்னல்’ என்றால் மானிட்டர் போச்சா?

கேள்வி: ஐ5-12400எஃப் பிராசசர், தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ‘நோ சிக்னல்’. மானிட்டரை மாற்றித் தரச் சொல்லிக் கடையோடு சண்டை நடக்கிறது. (மதுரை)

பதில்: முதலில் சண்டையை நிறுத்துங்கள். அந்த எழுத்து வருகிறதென்றால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது. பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். யூஎஸ்பி, நெட் கேபிள் செருகும் இடத்தை ஒட்டி இருப்பது மதர்போர்டின் எச்டிஎம்ஐ, அதாவது மானிட்டர் கேபிள் செருகும் துளை. அதற்குக் கீழே படுக்கைவசமாக இருப்பதுதான் கார்டுடையது. கேபிளை அங்கே மாற்றுங்கள். இன்டெல் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. மேலே செருகினால் என்றைக்கும் படம் வராது.

கேள்வி: ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். அதிலிருந்து படமே இல்லை. பார்த்தவர் ‘போர்டு போச்சு’ என்று 6,500 ரூபாய் கேட்கிறார்.

பதில்: கொடுத்துவிடாதீர்கள். ரேம் (மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான மெமரி பட்டை) அசைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். அதன் தங்க நிற விளிம்பை ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்து, ‘கிளிக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் வேறு ஆளிடம் காட்டுங்கள். ரேமைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போர்டுக்கு விலை சொன்னவர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: லேப்டாப்பின் டைப்-சியில் மாட்ட எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். படம் வரவில்லை.

பதில்: எல்லா டைப்-சியும் படம் அனுப்பாது, லேப்டாப்பின் விவரக் குறிப்பைப் படித்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: பழைய மானிட்டரை இணைக்க வாங்கிய எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் மறுநாளே செத்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர்.

பதில்: அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பழுதான பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாள் அவகாசம் உண்டு. கடைக்காரர் அச்சடித்த வரி சட்டத்தை மாற்றிவிடாது. பழைய மானிட்டருக்காக நான் வாங்கிய கன்வெர்ட்டரும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி நின்றுபோனது. அந்தக் கடையும் இதே வரியைத்தான் காட்டியது. சட்டத்தைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகே பணம் வந்தது. நீங்களும் பில், கன்வெர்ட்டர், படம் வராத திரையின் வீடியோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சின்ன சாமான்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பில் வேண்டாமென்றால் மானிட்டரில் 1,500 ரூபாய் குறைப்பார்களாம். வாங்கலாமா?

பதில்: கூடாது.