ஒரு ஸ்டாருக்குத் தகுதியானது அந்த சூப் மட்டும்தான்

கேள்வி: டப்ளினில் மகள் குடும்பம் குடியேறி ஆறு மாதம் ஆகிறது. மார்ச் மாதம் நாங்கள் போயிருந்தபோது, ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் குடும்பத்தோடு பப் ஒன்றுக்குச் சாப்பிடப் போனோம். எல்லோருக்குமே அது முதல் முறை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஆர்டர் எடுக்க யாரும் வரவில்லை. மாப்பிள்ளை எழுந்துபோய் கின்னஸ் பீர் கேட்டார். முக்கால் கிளாஸ் ஊற்றி அப்படியே வைத்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார் பார்க்காரர். சைவம் என்று கேட்டதற்கு மசித்த உருளைக்கிழங்கு, அதன் பக்கத்திலேயே வறுத்த உருளைக்கிழங்கு! காய்கறி சூப்பைப் பாதி குடித்த பிறகுதான், கோழி வேகவைத்த தண்ணீரில் செய்தது என்று தெரிந்தது. ஒன்பது மணிக்கு, ஆறு வயதுப் பேரனை வெளியே அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் அந்தப் பப்புக்கு ஒரு ஸ்டார் போட்டு நாலு வரி எழுதினேன். மாப்பிள்ளை கோபிக்கிறார். நான் செய்தது தவறா?
– பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

பதில்: பாதி நியாயம் உங்கள் பக்கம் என்று சொல்லி மாப்பிள்ளையையும் உங்களையும் சமாதானப்படுத்தலாம். ஆனால் கணக்கு அப்படி வரவில்லை, அம்மா. ஐந்து புகாரில் நான்கு தள்ளுபடி. மிச்சமுள்ள ஒன்றில் நீங்கள் இன்னும் கொஞ்சம் கோபப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் அந்த அரை மணி நேரம். அயர்லாந்துப் பப்புகளில் பெரும்பாலும் நாம்தான் கவுண்டருக்குப் போக வேண்டும். என்ன வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லி, காசையும் கொடுத்துவிட்டு வந்தால் தட்டு மட்டும் மேஜைக்கு வரும். நம் ஊர் செல்ஃப் சர்வீஸ் ஓட்டலில் டோக்கன் வாங்காமல் உட்கார்ந்துகொண்டு 'சப்ளையர் வரவேயில்லை' என்று சத்தம் போட்டால் கேஷியர் என்ன சொல்வாரோ, அதுதான் அங்கேயும். கவுண்டரில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்குப் பின்னால் யார் வந்தார் என்பது பார்க்காரருக்கு அத்துப்படி. அவர் பார்வை நம் பக்கம் திரும்பும்போது லேசாகத் தலையசைத்தால் போதும். கை சொடுக்குவது, நோட்டை எடுத்து ஆட்டுவது எல்லாம் வேலைக்காகாது. முறை பின்னால்தான் போகும். சனிக்கிழமை இரவில், ஒன்றுமே வாங்காமல் அரை மணி நேரம் ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்த உங்களை யாரும் எழுப்பவில்லை என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது முக்கால் கிளாஸ். அது அவமரியாதை இல்லை, அதுதான் மரியாதை. கின்னஸுக்குக் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் வாசி ஊற்றிக் கீழே வைத்துவிடுவார்கள். உள்ளே நைட்ரஜன் குமிழிகள் ஓரமாகக் கீழ்நோக்கி ஓடுவதுபோலத் தெரியும். பழுப்புக் கலங்கல் மெல்லத் தெளிந்து கருப்பாகும். நுரை தனியாக மேலே வந்து நிற்கும். அப்புறம்தான் மிச்சம். எல்லாம் சேர்த்து 119.5 வினாடி என்று கம்பெனியே விளம்பரத்தில் கணக்குச் சொல்லியிருக்கிறது. அந்த நேரத்தில் அடுத்தவரைக் கவனிக்கப் போவதுதான் தொழில் தெரிந்தவர் செய்வது. ஒரே மூச்சில் நிரப்பி நீட்டியிருந்தால் மாப்பிள்ளை முகம் சுளித்திருக்கலாம்.

உருளைக்கிழங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அந்த நாட்டில் மசித்ததும் வறுத்ததும் ஒரே தட்டில் வருவது சாதாரணம். உருளைக்கிழங்குப் பயிர் பொய்த்து அந்த நாடு பட்டினி கிடந்த பஞ்சக் கதையை இழுத்து உங்கள் வாயை அடைக்கப் போவதில்லை; பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்காக ஒரு கடைக்கு ஸ்டாரைக் குறைப்பது அநியாயம்.

உண்மையில் கோளாறு எங்கே என்றால், பப் என்பது சாப்பாட்டுக் கடை என்று நினைத்துக்கொண்டு நீங்கள் உள்ளே போனதில். அயர்லாந்தில் வெகுகாலம் அது குடிக்கவும் பேசவுமான இடமாகத்தான் இருந்தது. சின்ன ஊர்களில் கடையும் பப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். கெர்ரி மாவட்டத்து டிங்கிளில் 'ஃபாக்ஸி ஜான்ஸ்' என்ற இடத்தில் ஒரு பக்கம் ஆணி, சுத்தியல் விற்பார்கள், எதிர்ப்பக்கம் பீர் ஊற்றுவார்கள். பசித்தால் ஒரு பாக்கெட் டேட்டோ சிப்ஸ்; 1954-ல் டப்ளினில் ஆரம்பித்த கம்பெனி அது, சீஸ்-வெங்காயச் சுவைதான் அதன் அடையாளம். அதற்கும் மேல் பசித்தால் ஒரு டோஸ்ட் சாண்ட்விச்: வெள்ளை ரொட்டி, பன்றி இறைச்சித் துண்டு, சீஸ், வெங்காயம், தக்காளி, முக்கோணமாக வெட்டி, ஓரத்தில் கொஞ்சம் கடுகு விழுது. டப்ளினில் கிரோகன்ஸ் போன்ற பழைய பப்புகளுக்கு இன்றும் அந்த சாண்ட்விச்சுக்காகவே ஆட்கள் போகிறார்கள்.

பிறகு பப்புகளில் சமையல் பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2004 மார்ச் 29 முதல் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை. நாடு முழுக்க அப்படித் தடை போட்ட முதல் தேசம் அயர்லாந்துதான். புகை போன பிறகுதான் பல இடங்களில் சோற்று வாசனையே தெரிந்தது. 2011-ல் வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் இருக்கலாம் என்ற ஆல்கஹால் அளவை 80 மில்லிகிராமிலிருந்து 50-க்குக் குறைத்தார்கள். கிராமத்துப் பப்புக்குக் காரில் வந்து குடித்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். சாப்பிட வருபவரை நம்பிப் பிழைக்க வேண்டியதாயிற்று. கொரோனா வந்தபோது கூத்து உச்சத்துக்குப் போனது. 2020 ஜூன் 29 முதல், குறைந்தது 9 யூரோவுக்கு 'கணிசமான சாப்பாடு' தருகிற பப் மட்டும் திறக்கலாம் என்றது அரசு. எது கணிசம் என்று நாடே விவாதித்தது. மது மட்டுமே விற்ற டப்ளின் பப்புகள் பல, ஓராண்டுக்கும் மேல் பூட்டியே கிடந்தன. இப்படிக் கட்டாயத்தில் வந்த சமையலறையிடம் ஸ்ரீரங்கத்துச் சமையல்காரரின் அக்கறையை எதிர்பார்க்கலாமா?

சரி, சூப். இதில் உங்கள் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனால் அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 2014 டிசம்பரிலிருந்து, ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் எந்தெந்த உணவில் இருக்கின்றன என்று எழுத்தில் காட்டியாக வேண்டும். கோதுமை, பால், முட்டை, மீன், எள், கடுகு, செலரி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மெனுவில் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள் இருந்திருக்குமே, அதுதான். கோழி அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, சூப்பில் செலரி போட்டிருந்தால் சொல்லியாக வேண்டும். கோழிச் சாறு ஊற்றியிருந்தால் அந்தப் பட்டியலில் சொல்ல வேண்டியதில்லை! அதனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். 'இது சைவமா' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், காய் போட்டதெல்லாம் சைவம் என்று நினைப்பவர்கள் அங்கேயும் உண்டு. 'எந்தச் சாற்றில் செய்தது' என்று கேளுங்கள். நீங்கள் முன்கூட்டியே கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்காவிட்டாலும், 'காய்கறி சூப்' என்று பெயர் வைத்தவர்தான் முதல் குற்றவாளி. பாதிக் கிண்ணத்தில் தெரிந்தவுடனே கவுண்டரில் போய்ச் சொல்லியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருந்தது. அங்கே பேசாமல் வந்துவிட்டு வீட்டில் வந்து ஸ்டாரைக் குறைப்பது நம்மவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

மாப்பிள்ளையும் சைவம் என்றால் அவரிடம் ஒன்று சொல்லுங்கள்: கின்னஸைத் தெளிய வைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைத்தான் வெகுகாலம் பயன்படுத்தினார்கள். பத்து வருஷத்துக்கு முன்புதான் விடத் தொடங்கினார்கள். இப்போது பயமில்லை.

எல்லாப் பப்பும் உத்தமம் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விலை வைத்திருக்கிறார்கள். அங்கே போய் ஏமாந்தேன் என்று எழுதியிருந்தால் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருப்பேன்.

அடுத்த முறை மதியம் போங்கள். கூட்டம் குறைவு, சமையல் சூடாக இருக்கும். மோரும் சோடா உப்பும் சேர்த்துச் சுட்ட பழுப்பு ரொட்டியும் வெண்ணெயும் கேளுங்கள், வயிறாரச் சாப்பிடலாம். சௌடர் என்று கண்டால் விலகுங்கள், அது மீன் சூப். எழுதியதையும் திருத்துங்கள்: சூப் பற்றிய வரி இருக்கட்டும், மற்றதை எடுத்துவிடுங்கள்.

பேரன் விஷயம் பாக்கி இருக்கிறது. அவனை அனுப்பச் சொன்னது பார்க்காரர் இல்லை, 2003-ஆம் ஆண்டுச் சட்டம். 18 வயதுக்குக் கீழே இருந்தால், பெற்றோர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், இரவு ஒன்பதுக்குமேல் பாரில் இருக்கக் கூடாது. மீறினால் மாட்டிக்கொள்வது உரிமம் வைத்திருப்பவர். மே முதல் செப்டம்பர் வரை மட்டும் பத்து மணி வரை அனுமதி உண்டு; அடுத்த டிக்கெட்டை அதற்குத் தக்கபடி போடச் சொல்லுங்கள்.