முதலில் கிணற்றடிக்குப் போங்கள்: வாசகர் கேள்வி பதில்

வழக்கமாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் காய்ச்சல், கிணற்று நீர், கழிவறைக் குழி பற்றியவை. இந்த மாதம் பாதிக் கடிதங்கள் பழைய மாணவர் சங்கங்கள் கொடுக்கும் விருதுகளைப் பற்றி வந்திருக்கின்றன. முப்பத்து மூன்று வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் சைக்கிளில் திரிந்தவன் என்ற உரிமையில் அவற்றுக்கே முதலில் பதில் எழுதுகிறேன். மற்றவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கக் கனடாக் கிளை, பொதுச் சுகாதாரத்தில் தொண்டும் தலைமைத்துவமும் காட்டிய ஒரு பழைய மாணவருக்கு வருடந்தோறும் விருது கொடுக்க முடிவு செய்திருக்கிறது. இங்குள்ள பல்கலைக்கழகங்கள் கொடுப்பதைப் பார்த்து வந்த எண்ணம்தான். பணம் சேர்ந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை. எப்படித் தெரிவு செய்வது?
*ஒரு வாசகர், ஸ்காபரோ*

நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் ஒரே கேடயத்தில் இரண்டு சொற்களை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சண்டைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். தொண்டு வேறு, தலைமைத்துவம் வேறு. அமெரிக்காவின் பொதுச் சுகாதாரக் கல்லூரிகள் பலவும் இவற்றைப் பிரித்தே கௌரவிக்கின்றன. துறையில் சாதித்தவருக்கு ஒன்று, தொண்டுக்கு ஒன்று, அண்மையில் பட்டம் பெற்ற இளையவருக்கு இன்னொன்று.

நம் பெரியவர்கள் வைசூரி என்று சொன்ன பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தை 1966 முதல் 1977 வரை நடத்தியவர் டி. ஏ. ஹென்டர்சன். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்த பழைய மாணவர். அது தலைமைத்துவம். அதே 1977இல், சோமாலியாவின் மெர்க்கா நகரில், இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய கடைசி மனிதரானார் அலி மாவ் மாலின். ஆஸ்பத்திரிச் சமையல்காரர். ஊசி வலிக்கும் என்று பயந்து தடுப்பூசியைத் தவிர்த்திருந்தவர். பிழைத்துக்கொண்ட அவர், பின்னாளில் போலியோ ஒழிப்புக்குத் தொண்டராக வந்தார். ஊசிக்குப் பயந்த தன் கதையைத் தாய்மாரிடம் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க வைத்தார். 2013இல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியாவில் இறந்தார். அது தொண்டு. ஹென்டர்சனையும் மாலினையும் ஒரே தராசில் போட்டு யார் பெரியவர் என்று கேட்டால் உங்கள் கூட்டம் ஒருநாளும் முடியாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியதால் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்கள் குடும்பத்துக்கு ஓர் இரவும் மறுநாள் பகலில் பாதியும் எடுத்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பாடசாலையில் வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பங்கள், எல்லாருக்குமாக இரண்டே கிணறுகள், மாரி மழை. வயிற்றோட்டம் பரவினால் முதலில் போவது கைக்குழந்தைகள்தான். கிணற்றுக்குக் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றுவதோடு வேலை முடிவதில்லை. அரை மணி நேரம் ஒருவரும் அள்ளக்கூடாது. பிறகு தண்ணீரைச் சோதித்து, வரும் நிறத்தைக் கொண்டு, லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது மீதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கானோர் வாளியோடு வரிசையில் நிற்கையில் அந்த அரை மணி நேரம் கிணற்றைக் காப்பது யார்?

உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை காத்தாள். விடியற்காலை நாலரைக்குக் கிணற்றடியில் நிற்பாள். திட்டுகிறவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டே, "இன்னும் பத்து நிமிடம், அம்மா" என்பாள். கொப்பியின் பின்பக்கத்தில் திகதி, எத்தனை கரண்டி தூள், சோதனையில் வந்த நிறம் எல்லாம் எழுதிவைப்பாள். தை மாதம் அவளுடைய குடும்பம் வன்னிக்குப் போனது. இனி என்ன செய்வது என்ற கவலையோடு மறுநாள் போனேன். அதே கொப்பியில், வேறு கையெழுத்தில், அன்றைய நிறம் எழுதப்பட்டிருந்தது. போவதற்கு முன்பே மூன்று பேரைப் பழக்கிவிட்டிருந்தாள்.

தொண்டும் தலைமைத்துவமும் ஒரே ஆளிடம் இருப்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

இருபது வருடம் கழித்து ஒரு பாடசாலையின் விருதுக் குழுவில் என்னை உட்காரவைத்தார்கள். அவள் படித்த பாடசாலைதான். பதினொரு விண்ணப்பங்கள். படங்கள், சான்றிதழ்கள், கடிதத்தலைப்பில் அச்சடித்த பரிந்துரைகள். அவள் பெயரில் எதுவும் இல்லை. அவளுக்காக யார் எழுதுவார்கள்? எழுதக்கூடிய ஒரே ஆள் நான்தான். திகதி முடிந்துவிட்டது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, இருந்த பதினொன்றில் ஒன்றுக்குப் புள்ளி போட்டுவிட்டு வந்தேன். அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

ஆகவே, விண்ணப்பம் கேட்டு விளம்பரம் போடாதீர்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரே விண்ணப்பிப்பார். ஊரில் இருக்கும் உங்கள் ஆட்கள் இரண்டு பேரைத் தேடிப்போகச் சொல்லுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம், சனசமூக நிலையத் தலைவரிடம், கிளினிக்குக்கு வரும் தாய்மாரிடம், கிணற்றடியில் நிற்பவர்களிடம் கேட்கட்டும். விருது என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். "உங்களுக்கு ஒரு நோய் வந்தால், ஒரு வெள்ளம் வந்தால், யாரை முதலில் கூப்பிடுவீர்கள்?" என்று மட்டும் கேட்கட்டும். மூன்று இடத்தில் ஒரே பெயர் வந்தால் அந்த வீட்டுப் படலையைத் தட்டுங்கள். தலைமைத்துவ விருது என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. அவர் ஒரு மாதம் ஊரில் இல்லாதபோது அந்த வேலை நடந்ததா?

பெரிய தொகை அன்பளிப்புச் செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டியது உங்கள் கடமை. அதற்குத் தனியாக ஒரு விழா வையுங்கள். இந்த விருதை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

என் தங்கை குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறாள். அவளைத் தொண்டு விருதுக்குப் பரிந்துரைத்தோம். சம்பளம் வாங்குகிறவருக்குத் தொண்டு விருது இல்லை என்று சங்கத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?
*ஒரு வாசகி, கோண்டாவில்*

விதி என்ற அளவில் நியாயம்தான், அம்மா. தொண்டு என்பது கூலி எதிர்பாராமல் செய்வது. ஆனால் உங்கள் தங்கையின் வேலைநேரம் எங்கே முடிகிறது என்பதை அவர்கள் கேட்டிருக்க வேண்டும். ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பதே நம் நாட்டுக் கணக்கு. கர்ப்பிணியின் பதிவு, பிள்ளையின் நிறை, தடுப்பூசித் திகதி எல்லாம் அவர் பொறுப்பு. இரவு பத்து மணிக்குப் பிரசவ வலி என்று தொலைபேசி வந்தால் அது எந்தச் சம்பளத்தில் சேரும்?

1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து, இலங்கையின் பொதுச் சுகாதாரம் வீடு வீடாகப் போகிறவர்களின் கால்களில்தான் நிற்கிறது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. காய்ச்சல்காரரின் விரலில் ஊசி குத்தி இரத்தப் பூச்சு எடுத்தவர்கள், முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து வீட்டுச் சுவர்களுக்குத் தெளித்தவர்கள், அந்தக் கண்ணாடித் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் எல்லாரும் சேர்ந்து செய்த வேலை அது. அவர்களில் ஒருவருக்குக்கூட எந்தச் சங்கமும் மாலை போட்டதை நான் பார்க்கவில்லை.

உங்கள் சங்கத்தாருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் பணிப்பாளர் நாயகம் கொடுத்த விருதுகளில் ஒன்று இந்தியாவில் ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் போனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள், எல்லாருக்குமாக ஒரே விருது. அரசாங்கக் கணக்கில் அவர்கள் தொண்டர்கள். கையில் கிடைப்பது ஊக்கத்தொகை. தொண்டருக்கும் ஊழியருக்கும் இடையில் கோடு போடுவது அவ்வளவு சுலபமில்லை. தொண்டு விருது முடியாதென்றால், தலைமைத்துவ விருதுக்கு அவள் பெயரை மறுபடி அனுப்புங்கள். அதற்குச் சம்பளம் தடையில்லை.

நான் உயர்தர மாணவன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கச் சமூகசேவைச் சான்றிதழ் தேவை என்கிறார்கள். சான்றிதழுக்காகத் தொண்டு செய்வது தவறா? எங்கிருந்து தொடங்கலாம்?
*ஒரு மாணவன், கரவெட்டி*

தவறில்லை, தம்பி. எதற்காகத் தொடங்கினாய் என்பதை ஊர் கேட்காது. எப்போது நிறுத்தினாய் என்பதைத்தான் கேட்கும்.

உன் ஒழுங்கையிலிருந்து தொடங்கு. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் மாதம் ஒருமுறை வைக்கும் பெரிய சிரமதானத்தைவிட, ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து வீட்டைச் சுற்றி வருவது பலன் தரும். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, சிரட்டை, பழைய டயர் எல்லாவற்றையும் பார். தொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும் என்று நினைக்காதே. ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தும்புத்தடி கொண்டு உரஞ்ச வேண்டும்.

2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் வந்ததை உன் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். வயலில் இறங்கும் முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை தடுப்பு மாத்திரை கொடுக்கிறது. வாங்க வராத கமக்காரர்களின் வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஓர் இளைஞன் தேவை. காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள் என்று சொல்லவும் ஆள் தேவை. பதினெட்டு வயது நிறைந்து, ஐம்பது கிலோ நிறையும் இருந்தால் இரத்தம் கொடு. நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். உன் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் போய்ப் பார். காலை எட்டு மணிக்கு முன் போனால்தான் பிடிக்கலாம்.

போன வீடுகளை ஒரு கொப்பியில் குறித்துவை. சான்றிதழ் கேட்கும் நாளில் அந்தக் கொப்பியைக் காட்டு.

எங்கள் விருதுக்கு டொக்டர் கிறீனின் பெயரை வைக்கலாம் என்கிறேன். வெளிநாட்டு மிஷனரியின் பெயர் எதற்கு என்று சிலர் எதிர்க்கிறார்கள். உங்கள் கருத்து?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், மானிப்பாய்*

ஐயா, எதிர்ப்பவர்களின் மனதும் எனக்குப் புரிகிறது. மதம் பரப்பவும்தான் அவர் வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடமே நம் பிள்ளைகளுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் தொடங்கியவர், 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் படித்தவர்கள் அரசாங்க வேலை தேடிப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு ஆள் மிஞ்சவில்லை என்று கண்டுதான் மாறினார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் எல்லாம் தமிழில் நூலாகின. அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கிவிட்டு 1873இல் ஊர் திரும்பினார். அங்கிருந்தும் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1884இல் காலமானார்.

அவர் போன பிறகும் வைத்தியம் நடந்தது, தமிழில் நடந்தது. என் வாக்கு அந்தப் பெயருக்கே. ஆனால் விருதுப் பட்டயத்தில் அவருடைய மாணவர்களையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

விருது பெறுகிறவர் மேடையில் கட்டாயம் பேச வேண்டுமா?
*ஒரு வாசகி, வேலணை*

வேண்டாம். பேசப் பழகாதவரை ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்துவது அவருக்குத் தண்டனை. அவருடன் வேலை செய்த ஒருவர் இரண்டு நிமிடம் பேசட்டும்.

எங்கள் ஊரில் இருபது வருடமாகத் தாய்மார் கிளினிக்கில் உதவி செய்யும் ஒரு அக்கா இருக்கிறார். பிள்ளைகளை நிறுப்பது, வராதவர்களைத் தேடிப் போய்க் கூட்டிவருவது எல்லாம் அவர்தான். விருது என்றதும் "எனக்கு எதற்கு" என்று மறுத்துவிட்டார். விட்டுவிடுவதா?
*பழைய மாணவர் சங்கச் செயலாளர், அச்சுவேலி*

விட வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். கிளினிக் நாளில் போய், "அக்கா, இங்கே என்ன குறை?" என்று கேளுங்கள். பொன்னாடை வேண்டாம் என்றவர் இதற்கு மளமளவென்று பதில் சொல்வார் என்று நினைக்கிறேன். தாய்மார் உட்கார வாங்கு இல்லை என்பார், நிறுக்கும் தராசு பழுது என்பார், மழைக்குக் கூரை ஒழுகுகிறது என்பார். விழாச் செலவில் அதைச் செய்து கொடுங்கள். வாங்கில் அவர் பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேளுங்கள். நிறுத்த பிள்ளைகளின் பெயர்கள் அவருக்கு நினைவிருக்கும். அவர்களில் சிலர் இன்று உங்கள் சங்க அங்கத்தவர்களாகவே இருப்பார்கள். தராசைத் தூக்கிக்கொண்டு போக அவர்களை அனுப்புங்கள்.